எந்தச் செடி, எவ்வளவு?

"மூலிகைத் தீவனம் தின்று வளர்ந்த கோழி" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். பதில் அந்த அட்டையில் பெரும்பாலும் இருக்காது.

மூலிகையைச் சொல்வது, கோழி வேகமாக வளரத் தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகத்தான். அந்த ஆன்டிபயாடிக் தீவனத்தை விட்டுப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கறியில் மருந்து மிச்சம் இருக்குமா என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அது பாதிக் கவலை. பெரிய கவலை, அந்த மருந்துக்குப் பழகி, அதற்குச் சாகாத கிருமி கொட்டகையை விட்டு வெளியே வருவது. கோழிக்குக் கொடுத்த அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக், மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் வான்கோமைசினின் உறவுக்காரன்; ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் சாகாது. அதனால்தான் 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கும் மற்ற ஆன்டிபயாடிக்குகளும் 2006 ஜனவரியோடு அங்கே போயின.

சரி, அந்த இடத்தில் மூலிகையை வைக்கலாமா? ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜெனால் எல்லாம் பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும், உண்மைதான். ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, கோழிக்குடல் வேறு. இவை ஆவியாகும் சரக்கு. குருணைத் தீவனம் தயாரிக்கும் நீராவிச் சூட்டிலேயே கொஞ்சம் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி குடலின் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கிருமி பெருகும் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேராது. அதற்காகத்தான் கொழுப்புப் பூச்சு போட்ட நுண்துகள்களாகத் தருகிறார்கள். வெறும் பொடியைத் தூவிவிட்டு 'இயற்கை' என்று சொல்வது எனக்கு ஏமாற்றாகவே படுகிறது. அப்புறம், தைம் என்ற ஒரே செடியில்கூடத் தைமால் நிறைய உள்ள வகையும் உண்டு, பேருக்குக்கூட இல்லாத வகையும் உண்டு.

இன்னொன்று. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் கூடுதல் வளர்ச்சி வரவில்லை என்பது 1960களிலேயே தெரியும். அப்படியானால் அந்த மருந்து இத்தனை காலம் சுமந்தது எதை? கொட்டகைத் தரையில் பரப்பிய ஈரக் கூளத்தையும், காற்றில்லாத கொட்டகையையும், இட நெருக்கடியையும்தானே! அதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு தீவன மூட்டையை மட்டும் மாற்றினால், சீக்கிரமே கழிச்சல் வரும். உடனே அதே ஆன்டிபயாடிக் 'சிகிச்சை' என்ற பெயரில் தண்ணீர்த் தொட்டி வழியாகத் திரும்பி வரும்.

கூளம் காய்ந்திருக்கிற, இடம் தாராளமாக உள்ள பண்ணையில் தரப்படுத்திய மூலிகைச் சாறு உதவும் என்றால் நம்புவேன். தைமால் எத்தனை சதவீதம் என்று மூட்டையில் அச்சடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் நம்புவேன்.