வேலூர் என்ன சட்டம் கேட்க வேண்டும்?

போன முறை எங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடந்தபோது நானும் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முப்பது, நாற்பது பேர். தெரு விளக்கு, கால்வாய் அடைப்பு, நாய்த் தொல்லை என்று வரிசையாக வந்தது. அப்புறம் ஒரு அம்மா எழுந்து, "வீட்டு வரியை ஏத்தினீங்களே, எப்போ குறைப்பீங்க?" என்று கேட்டார். கவுன்சிலர், "அது நம்ம கையில இல்லம்மா. மேலேர்ந்து வந்த உத்தரவு. நாங்க தீர்மானம் போட்டோம், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். பேச்சு மறுபடியும் நாய்க்குப் போய்விட்டது.

"நம்ம கையில இல்ல" என்ற அந்த ஒரு வரி அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. சரி, யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம். மாநில அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, மத்திய வரிப் பணத்தைப் பிரிக்க யோசனை சொல்லும் 15-வது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்காத மாநிலத்தின் நகரங்களுக்கு மானியம் கிடையாது என்பது அந்த நிபந்தனை. டெல்லியில் எழுதினார்கள், சென்னையில் உத்தரவு போட்டார்கள், வேலூர் சத்துவாச்சாரியில் நான் ரசீது வாங்கினேன்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். அந்த நிதிக்குழு 2017 நவம்பரில் அமைக்கப்பட்டு 2020 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. நம் மாநகராட்சியில் 2016 அக்டோபரோடு கவுன்சில் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. அதாவது நம் வரியைப் பாதிக்கும் விதியை அவர்கள் யோசித்து எழுதிய மூன்று வருடமும் வேலூரில் மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது. "எங்கள் ஊர் நிலைமை இது" என்று எழுதி அனுப்ப நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

என் அக்கா மகன் அமெரிக்காவில், சியாட்டிலில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது அவன் ஊர் நடைமுறையைச் சொன்னான். அங்கே மாநில சட்டமன்றம் ஒலிம்பியா என்ற ஊரில், ஜனவரியில் கூடும். ஒரு வருடம் 105 நாள், அடுத்த வருடம் 60 நாள், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தொடருக்கு முன்பே சியாட்டில் நகர மன்றம், எந்தச் சட்டம் வேண்டும், எதை எதிர்ப்போம் என்று ஒரு பட்டியலைத் தீர்மானமாக நிறைவேற்றிவிடுகிறது. மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு வேறொன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கவென்றே நகரத்தில் தனி அலுவலகம் இருக்கிறது. தாங்களே முன்னின்று கேட்பது எது, மற்ற ஊர்கள் கேட்டால் கூடச் சேர்வது எது என்று பிரித்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

அங்கேயும் நகரம் என்பது மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். இங்கே 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து, நகராட்சிகளுக்கு உரிய 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பது மாநிலத்தின் விருப்பம். அப்படியிருக்க, கேட்பதைத் தவிர நமக்கு வேறு என்ன வழி இருக்கிறது? கேட்பதற்கும் ஒரு வரிசை வேண்டும். ஐம்பது கோரிக்கையை மனுவாகக் கட்டிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

என்னைக் கேட்டால் முதலில் வைக்க வேண்டியது இது. நான் இருபது வருடமாக பாபு ராவ் தெருப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் ஆதாரை நகல் எடுத்துக் கொடுப்பதுதான் என் காலை வேலை. மால்டா, முர்ஷிதாபாத், தன்பாத், அகர்தலா. உள்ளூர் விலாசம் பார்க்க மத்தியானம் ஆகிவிடும். தெருவில் போர்டெல்லாம் வங்காள மொழியில் இருக்கும். காய்கறி விற்கிற அம்மா "பேகுன், பேகுன்" என்று கூவித்தான் கத்தரிக்காய் விற்கிறார். லாட்ஜ் அறையிலேயே சின்ன அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு ஒரு மாதம், இரண்டு மாதம் தங்குகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நகல் எடுக்க வந்தவர், காலி கேனைக் காட்டி, "தாதா, பானி கப்?" என்றார். அண்ணா, தண்ணீர் எப்போது என்று அர்த்தம். ஆறு மணிக்கு என்று விரலால் காட்டினேன். அந்தத் தண்ணீர் மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவிரி. அவர் அறைக் குப்பையை விடியற்காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வந்து அள்ளுகிறவர் நம் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்.

அந்தப் பெரியவர் நம் ஊர்க் கணக்கில் கிடையாது. தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. பிரிக்கிற கணக்கில் பெரிய எடை மக்கள்தொகைக்கு. அதுவும் 2011 கணக்கெடுப்பு, ஏறத்தாழ 5 லட்சம் பேர். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். அது வந்தாலும், வருடம் முழுவதும் சிகிச்சைக்கு வந்து லாட்ஜில் தங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதில் வர மாட்டார்கள். அவர்கள் வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அடுப்பு எரிவதே அவர்களால்தான். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் சிஎம்சியைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் நோயாளிகளை வரவேற்கிற ஊர். அதற்கான தண்ணீரையும் துப்புரவையும் 5 லட்சம் பேருக்கான பணத்தில் செய் என்பதுதான் அநியாயம். வந்து தங்குகிறவர்களையும் மானியக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை வேலூர்தான் முன்னின்று கேட்க வேண்டும்.

அடுத்தது மத்திய அரசுக் கட்டடங்கள். அரசியல் சட்டம் 285-வது பிரிவின்படி அவற்றுக்குச் சொத்து வரி கிடையாது. குஜராத்தின் ராஜ்கோட் மாநகராட்சி போட்ட வழக்கில் 2009-இல் ஒரு வழி பிறந்தது: வாங்குகிற சேவைக்கு ஏற்ப, சொத்து வரியில் 75, 50 அல்லது 33⅓ சதவீதத்தைச் சேவைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு துறையோடும் ஒப்பந்தம் பேசித் திரியாமல், இதைச் சட்டமாகவே எழுதச் சொல்லலாம். காட்பாடி ஜங்ஷன் மாதிரி ஒரு ரயில் நிலையத்தை வைத்திருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கோட்டையும் இருக்கிறது. தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கோட்டையைக் காப்பாற்ற வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்தில் குடியிருப்பவர் கழிப்பறை கட்ட, பழைய வீட்டைச் சரிசெய்ய விதியை எளிதாக்கக் கேட்கலாம். ஆனால் இது தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று பல ஊரின் பிரச்சினை. அவர்களோடு சேர்ந்து கேட்போம், தனியாக மல்லுக்கட்ட வேண்டாம்.

பாலாறு எங்கே என்று கேட்பீர்கள். மணல் மட்டும் கிடக்கிற அந்த ஆற்றைப் பாலத்தில் கடக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் பட்டியலில் மேலே வைக்க மாட்டேன். ஆந்திராவின் தடுப்பணைகளை எதிர்த்து மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. மாநகராட்சி தீர்மானம் அங்கே எதையும் கூட்டாது. நம் கையில் இருக்கிற கொஞ்சம் குரலை, நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்காத விஷயத்துக்குச் செலவழிக்க வேண்டும்.

கேட்டால் நடக்குமா என்பவர்களுக்கு ஒன்று. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொன்னார்கள். இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் அதை நம் ஊர் பெயரோடுதான் படிக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு டிசம்பரிலும், ஜனவரியில் சட்டமன்றம் கூடுவதற்கு முன், 60 கவுன்சிலர்களும் உட்கார்ந்து மூன்றே மூன்று கோரிக்கையைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போடட்டும். அதற்கு முன் ஏரியா சபைகளில் நம்மைக் கேட்கட்டும். அந்தத் தாளை நம் எம்.எல்.ஏ.க்களிடமும் எம்.பி.யிடமும் கொடுத்து, கூட்டத்தொடர் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று மாமன்றத்திலேயே சொல்லட்டும். அப்படி ஒரு பட்டியல் நம் மாமன்றத்தில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த ஏரியா சபைக்கு நான் வெறுங்கையோடு போகப் போவதில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேர், நம்பர் எதுவும் கிடையாது. ஆதார் நகல் எடுக்க வருகிறவர் எந்த மாவட்டம், எத்தனை நாளாக ஊரில் இருக்கிறார், அவ்வளவுதான். நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ஒரு நாளுக்கே இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.