புகுஷிமா: தண்ணி குறைஞ்சது நிஜம், கடலுக்குப் போச்சுங்கிறது இல்ல

2021 பிப்ரவரி நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஜப்பானோட புகுஷிமா அணுமின் நிலையத்துல 1, 3ஆம் யூனிட்ல தண்ணி மட்டம் இறங்குச்சு, அந்தத் தண்ணி நேரா கடலுக்குப் போயிடுச்சுன்னு ஒரு பதிவுல போட்டிருக்காங்க. முதல் பாதி சரிதாங்க, அந்த நிலையத்தை நடத்துற டெப்கோ கம்பெனியே அந்த வாரமே அறிவிச்சது. ஆனா இறங்குனது உலையைச் சுத்தி இருக்கற கன்டெயின்மென்ட்ங்கற கவசக் கலத்துக்குள்ள இருக்கற மட்டம், 2011 சுனாமி விபத்துலயே அது சேதமானதால உலையைக் குளிர வைக்க ஊத்துற தண்ணி எப்பவும் அந்தக் கட்டடத்தோட பேஸ்மென்ட்டுக்குத்தான் கசியுது, நடுக்கத்துல அந்தக் கசிவு கொஞ்சம் கூடியிருக்கலாம்னு சொன்னாங்க, அங்கருந்து பம்ப் பண்ணி சீசியம்ங்கற கதிரியக்கப் பொருளைப் பிரிச்சு ஒரு பகுதியைத் திரும்ப உலைக்கே ஊத்தறாங்க. பேஸ்மென்ட் மட்டத்தை வெளிய இருக்கற நிலத்தடி நீரை விடத் தாழ்வா வெச்சிருக்காங்க, அதனால வெளித்தண்ணிதான் உள்ள வரும், உள்ள இருக்கறது வெளிய போகாது.

டெப்கோவை அப்படியே நம்புங்கன்னு சொல்லல, 2013ல கடல் கசிவை அவங்க லேட்டாதான் ஒத்துக்கிட்டாங்க. நீங்களே பாருங்க: அவங்க சைட்ல பேஸ்மென்ட் மட்டம், பக்கத்துக் கிணத்து மட்டம் ரெண்டும் இருக்கு, எது உயரம்னு பாத்தா போதும். ஜப்பான் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கடல்நீர் ரீடிங்கைத் தனியா போடுது, அந்தத் தேதிக்கு முன்னாடி பின்னாடி ஒப்பிட்டுப் பாருங்க.