கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்களாம்!

ஞாயிற்றுக்கிழமை மேடையில் அந்த மனை வணிகர் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அந்தக் காலத்தில் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். நாங்கள்தான் திட்டமிட்டு நகர் அமைக்கிறோம்." கைதட்டல் வேறு.

கிடைத்த இடமா? சேலத்தைச் சுற்றியுள்ள பழைய ஊர்களை நடந்து பாருங்கள். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை எந்தப் பக்கம் இறங்கும், எங்கே தேங்கும் என்று பார்த்த பிறகே கடைக்கால் தோண்டியிருக்கிறார்கள். கண்ணங்குறிச்சிக்கு மூக்கனேரி, கோட்டைக்குத் திருமணிமுத்தாறு. தண்ணீர் கிட்டத்தில் வேண்டும், வீட்டுக்குள் வரக் கூடாது. குடியிருக்க நத்தம், மாடு மேய மந்தை, நெல்லுக்கு நன்செய். அவ்வளவுதான் ஐயா திட்டம்.

என் ஆயா எழுத்தறியாதவர். மாட்டுக்கொட்டகை போடும் முன் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, அதே மண்ணை மறுபடி கொட்டுவார். மண் மிஞ்சினால் நல்ல இடம். குழி நிரம்பாவிட்டால் வேறு இடம். மாட்டுக்கே இத்தனை பார்த்தவர் மனிதருக்குப் பார்க்க மாட்டாரா?

"அப்படியானால் ஊர் வளரவே கூடாதா?" என்று ஒருவர் வருவார், தெரியும். வளரட்டும். சந்தை கூடி செவ்வாய்ப்பேட்டை வளர்ந்தது. ரயில் வந்து சூரமங்கலம் வளர்ந்தது. பிழைப்பைத் தேடி ஊர் நகரும், அது இயல்பு. ஏரிக்குள் இறங்குவதற்குப் பெயர் வளர்ச்சியா?

"சேரியைப் பள்ளத்தில் தள்ளியதும் உங்கள் முன்னோர்தானே?" இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வெள்ளம் எங்கே வரும் என்று தெரிந்தேதான் தள்ளினார்கள். அந்தப் பாவத்திலும் அறியாமை இல்லை. இதற்கு மேல் அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"இவ்வளவு பேசுகிற நீ எங்கே வீடு கட்டினாய்?" இதைத்தானே கேட்கக் காத்திருக்கிறீர்கள்? ஆமாம், பழைய ஏரி வாய்க்கால் ஓரம்தான். அங்கீகாரம் இருக்கிறது என்றார்கள், வங்கியும் கடன் கொடுத்தது. பத்தொன்பது வருடச் சம்பளம் அதில் கிடக்கிறது. ஆயா இருந்திருந்தால் ஒரு குழி வெட்டிப் பார்த்திருப்பார். நான் விளம்பரத் தாளைப் பார்த்தேன். "தினமும் ஏரிக்காற்று" என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

போன மழையில் நள்ளிரவில் தண்ணீர் வந்தது. விடிந்து வடிந்த பிறகு பார்த்தால் பீரோவின் அடியில் ஒரு கெண்டைக் குஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. மகள் அதை வாளியில் எடுத்து விட்டு, "அப்பா, இது எங்கிருந்து வந்தது?" என்றாள். அது எங்கிருந்தும் வரவில்லை, அம்மா. நாம்தான் வந்தோம்.