சரிக்குறி இடாத கட்டங்கள்

சில மாதங்களுக்கு முன்பு வரை என் கைப்பேசியில் ஓர் அட்டவணை இருந்தது. காலைத் தியானம், அரை மணி நேர நடை, நாட்குறிப்பு, எட்டு மணி நேர உறக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு சரிக்குறி. மன அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் தொடங்கிய அந்த ஏற்பாடு, வெறுமையாகக் கிடக்கும் கட்டங்களைப் பார்க்கும் இரவுகளில், 'இதைக்கூடச் செய்ய முடியவில்லையா?' என்ற குற்றவுணர்வைக் கூடுதலாக என்மீது ஏற்றியது. என்னைப் பேணிக்கொள்வதையும் ஒரு கடமையாக்கிவிட்டேன் என்பது மிகத் தாமதமாகவே புரிந்தது.

என்ன செய்யலாம் என்று தேடுவதற்கு முன்பு, உள்ளே என்ன நடக்கிறது என்று நின்று பார்க்கவேண்டும் என்பதே இப்போது என் கருத்து. நாமோ பெரும்பாலும் 'மனசு சரியில்லை' என்றோ 'ஒரே டென்ஷன்' என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். அச்சம், அவமானம், ஏமாற்றம், இழப்பின் துயரம், வெறும் உடற்சோர்வு ஆகிய அனைத்தும் அந்த ஒரே மூட்டைக்குள் கிடக்கின்றன. ஆனால் அவற்றுள் ஒவ்வொன்றும் கேட்பது வேறு. சோர்வுக்கு உறக்கம் போதும். அவமானத்திற்கு நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசவேண்டியிருக்கும். அடக்கிவைத்த கோபத்திற்கு எவ்வளவு நேரம் கண்மூடி அமர்ந்தாலும் பயனில்லை, உரியவரிடம் ஒரு சொல்லைச் சொல்லியாகவேண்டும். உணர்வுக்குச் சரியான பெயரிடுவதே ஓரளவு அமைதி தருகிறது. உளவியலாளர் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளை வருடல் (ஸ்கேன்) ஆய்வில், படத்தில் உள்ள முகம் காட்டும் உணர்வுக்குப் பங்கேற்பாளர்கள் பெயர் சூட்டியபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டாலாவின் செயல்பாடு குறைந்தது.

உடலையும் இதேபோல் கவனிக்கலாம். நாளை நடக்கவிருக்கும் ஒரு கடினமான உரையாடலை இரவு முழுவதும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால், அது இன்னும் நடக்கவில்லை என்பதை உடல் பொருட்படுத்துவதில்லை. அழுத்த ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசோலும் சுரந்து, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. அந்நேரத்தில் 'அமைதியாக இரு' என்று மனத்துக்குக் கட்டளையிடுவதைவிட, உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக விடுவது எளிது. மூச்சு வெளியேறும்போது மூளையையும் இதயத்தையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே தணிகிறது. சில நிமிடங்கள் போதும். இதற்குத் தனி அறையோ செயலியோ வேண்டாம்.

எழுதுவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் அது இதமளிக்கும் என்று நம்பித் தொடங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள், தங்கள் வாழ்வின் ஆறாத அனுபவங்களைப் பற்றி எழுதினார்கள். நிகழ்வையும் அதுகுறித்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனநிலை மேலும் வாடியது. அடுத்து வந்த மாதங்களிலோ அவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. காயத்தைக் கழுவும்போது எரியத்தான் செய்யும். எனினும் பெரும் அதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் இதைத் தனியாக முயலாமல், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்வதே நல்லது. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வுக்கும், வாழ வேண்டாம் என்ற எண்ணத்திற்கும் மருத்துவ உதவியைத்தான் நாடவேண்டும். அதில் தயக்கமோ தாமதமோ கூடாது.

இன்னொன்றில் எனக்குக் கோபமே உண்டு. 'பர்ன்அவுட்' எனப்படும் பணியிட எரிந்துபோதலை, சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு விவரிக்கிறது. அப்படியிருக்க, வேலைச்சுமையில் ஓர் அணுவையும் குறைக்காமல் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்துவது, கூரை ஒழுகும் வீட்டில் குடியிருப்பவருக்குத் துண்டு வழங்குவதற்கு ஒப்பானது. வர இயலாது, முடியாது, இன்று இவ்வளவுதான் என்று சொல்வதும் தன்னைப் பேணுவதன் ஒரு பகுதிதான்.

அந்த அட்டவணையை அழித்துவிட்டேன். இரவில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு சொல்லில் விடை எழுதுகிறேன்: இன்று என்னுள் இருந்தது எது? நேற்றைய விடை 'பொறாமை'. எழுதச் சற்று வெட்கமாக இருந்தது, எழுதிவிட்டு உறங்கிப்போனேன்.