ஏப்ரல் 15க்கு முன்னால் புளி வாங்கிவிடுங்கள்

சிக்கனமாக வாழ்வது எப்படி என்று ஒரு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சம்பளம் வந்ததும் ஐம்பது சதவீதம் தேவைக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு என்று பிரித்துவிட வேண்டுமாம். "அண்ணி, நீங்கதான் கணக்குல கெட்டி, இது நமக்குச் சரிவருமா?" என்று நாத்தனார் கேட்டிருந்தாள். குழுவில் பதில் போட்டால் யாராவது தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சரிவராது. 'சம்பளம் வந்ததும்' என்று அவர் ஆரம்பிக்கும்போதே நாங்கள் அந்த வண்டியிலிருந்து இறங்கிவிட்டோம்.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே ஒன்றாம் தேதி என்பது வாத்தியார் வீட்டுக்கும் ரயில்வேக்காரர் வீட்டுக்கும்தான். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மீதி நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்பது பல வருடமாக இருக்கிற ஏற்பாடு. அந்த மூன்று நாளிலும் காற்று ஒத்துழைக்க வேண்டும், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்க வேண்டும், இலங்கை எல்லைப் பக்கம் யாராவது பிடிபட்டு வேலைநிறுத்தம் என்று வராமல் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்து போய்வந்தாலும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சுவதில்தான் பங்கு. இறால் நன்றாகப் பட்ட அன்றைக்குக் கைக்கு வரும் பணத்தை வெளியூர்க்காரர் பார்த்தால் எங்களுக்கு என்ன குறை என்பார். அதற்கடுத்த இரண்டு வாரம் இங்கேயே தங்கிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பெருகும் காலம், அதனால் தடை. அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. தடை முடிந்து முதல் தடவை போய்த் திரும்புகிற படகில் வரும் மீனைப் பார்த்தவர்கள் யாரும் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 61ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். நான்கு பேர் சாப்பிடுகிற வீட்டில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வருமானமே இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் செலவெல்லாம் வரிசை கட்டி நிற்கும். ஆண்கள் கரையில் இருக்கிறார்கள் என்று கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் சித்திரை வைகாசியில் வைப்பார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அரசுப் பள்ளியில் புத்தகமும் சீருடையும் கொடுத்துவிடுகிறார்கள், நல்லது. ஆனால் பை, செருப்பு, டியூஷன், காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் ஃபீஸ், ஹாஸ்டல் பணம் எல்லாம் நம் தலையில்தான். அதைத் தாண்டி எழுந்தால் ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு. தீபாவளியும் அந்த நேரத்தில்தான் வந்து தொலைக்கும்.

அதனால் என் கட்சி இதுதான். எங்களைப் போன்ற வீட்டில் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதைவிட எந்த மாதத்தில் செலவழிக்கிறோம் என்பதுதான் பெரிய கணக்கு. டீயை நிறுத்து, பூவை நிறுத்து என்று சொல்கிற சிக்கனத்தால் இந்த இரண்டு மாதப் பள்ளத்தை மூட முடியாது.

மாசி, பங்குனி மாதத்தில் என் வீட்டுக்கு வந்தால் மளிகைக் கடைக்குள் வந்துவிட்டோமோ என்று நினைப்பீர்கள். அந்த நேரத்தில் புதுப்புளி வரும், வருடத்திலேயே விலை இறங்கியிருக்கும். ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, ஓடும் நாரும் கொட்டையும் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கல்லுப்பு தூவி அடுக்கடுக்காகப் பீங்கான் ஜாடியில் அமுக்கி வைப்பேன். எங்கள் பக்கத்து ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பையில் வைத்தால் கசிந்துவிடும். மிளகாயும் அந்தச் சமயத்தில்தான். நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன்னாலும் எங்கள் குழம்புக்கு அதுதான். முதுகுளத்தூர், பரமக்குடி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்திலிருந்து புது வத்தல் வரும்போது மொத்தமாக எடுத்து மொட்டைமாடியில் மறுபடி காயவைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் திரிக்கக் கூடாது. பாதியை மல்லியோடு மில்லில் கொடுத்துவிட்டு மீதியை வத்தலாகவே வைத்தால் வண்டு விழாது, காரமும் இறங்காது.

கருவாடு தனிக் கதை. தடைக்காலத்தில் கடைத்தெருவில் மீன் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் அந்த விலைக்கு மதுரை வியாபாரிதான் எடுக்க முடியும். ஆகவே காரலும் நெத்திலியும் சீப்பாக விழுகிற நாளில் கூடையோடு எடுத்துவிட வேண்டும். நெத்திலிக்கு உப்பே வேண்டாம், அலசி அப்படியே போட்டால் நல்ல வெயிலில் காய்ந்துவிடும். கொஞ்சம் பெரிய மீன் என்றால் குடல் எடுத்து, கடல் தண்ணீரில் கழுவி, கல்லுப்பில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிறகு காயப்போட வேண்டும். மணலில் மட்டும் போடாதீர்கள். பழைய வலையைக் கயிற்றுக் கட்டிலில் விரித்து அதன்மேல் போட்டால் கீழேயும் காற்றுப் படும், மண் கடிக்காது. காய்ந்ததை ஓலைப்பெட்டியில் வைத்து நடுநடுவே வெயிலில் காட்டினால் ஆடி வரைக்கும் கவலையில்லை. ரேஷன் அரிசிச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தால், இது ரேஷன் அரிசியா என்று கேட்டவர்கள் உண்டு.

பணமாகவே வைத்துக்கொண்டு தேவைப்படும்போது வாங்கலாமே என்று கேட்கலாம். பணம் வீட்டில் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். கொழுந்தனுக்கு வலை வாங்க வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆஸ்பத்திரி. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. புளியைக் கைமாற்றாகக் கேட்டு யாரும் வருவதில்லை. வந்தாலும் எலுமிச்சங்காய் அளவுதான் கேட்பார்கள்.

இவ்வளவும் செய்தாலும் பணம் வேறு இரண்டு ஓட்டை வழியாக ஒழுகும். ஒன்று தண்ணீர். எங்கள் ஊரில் மணல் கிணற்றில் ஓரளவு நல்ல தண்ணீர் இருக்கிறது, பிழைத்தோம். என் அம்மா வீடு சாயல்குடிப் பக்கம். அங்கே தோண்டினால் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருகிற அன்றைக்குச் சரி, வராத அன்றைக்கு வண்டித் தண்ணீர்தான், குடம் பத்து ரூபாய். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளைக்கு மூன்று குடம் வாங்கினாலே மாதம் 900 ரூபாய். என் தம்பி மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. வறட்டுக் கோடையில் அதில் நூறு ரூபாய்தான் அவளுக்கு, மற்றதெல்லாம் தண்ணீர் வண்டிக்கு. டவுனில் வீட்டுக் குழாய் இருப்பவர்கள் ஒரு மாதம் முழுவதற்கும் இதில் ஒரு சின்னப் பங்கைத்தான் கட்டுகிறார்கள். இல்லாதவன்தான் எல்லாவற்றையும் கூடுதல் விலைக்கு வாங்குகிறான். குடம் குடமாகத் தண்ணீர், பாக்கெட் பாக்கெட்டாக ஷாம்பு, கால் கால் லிட்டராக எண்ணெய். அவனைப் பார்த்துச் சிக்கனம் தெரியாதவன் என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

இன்னொன்று வட்டி. தடைக்காலத்தில் ஐம்பதாயிரம் வாங்குகிறோம், மூன்று வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். மாதம் 1,500, வருடத்துக்கு 18,000, அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். பூ வாங்காமல், சினிமா போகாமல், ஒரு சேலையை மூன்று தீபாவளிக்குக் கட்டி இந்தப் பதினெட்டாயிரத்தை மிச்சம் பிடிக்க முடியுமா? அதனால் என்னிடம் யோசனை கேட்கிற சின்னப் பெண்களிடம், செலவு நோட்டுப் போடுவதற்கு முன்னால் கடன் நோட்டுப் போடச் சொல்வேன். யாரிடம், எத்தனை வட்டி, அசல் எவ்வளவு குறைந்தது. வட்டி கூடிய கடனை முதலில் அடைக்க வேண்டும், சத்தம் கூடப் போடுகிறவருடைய கடனை அல்ல. கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்தாவது தனியார் வட்டியை அடைப்பது லாபம். நகை என்பது கழுத்தில் போட மட்டும் வாங்கியதில்லையே. (வீட்டுக்கு வராமலே டாஸ்மாக்கில் கரையும் பணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. அது இன்னொரு நாள்.)

மொய் விஷயத்தில் மட்டும் நான் வீடியோக்காரர்களோடு ஒத்துப்போக மாட்டேன். விசேஷத்துக்குப் போவதைக் குறையுங்கள், மொய் வீண் செலவு என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு என்பது வட்டியில்லாத வங்கி. நான் பத்து வீட்டில் ஐந்நூறு ஐந்நூறாக வைத்தது, என் மகள் சடங்கின்போது ஒரே நாளில் திரும்பி வந்தது, கொஞ்சம் கூடவே வந்தது. குறைக்க வேண்டியது வேறு. தெரு முனை வரைக்கும் ஃபிளெக்ஸ், ட்ரோன் கேமரா, மூன்று வகை ஐஸ்கிரீம். அந்த ஃபிளெக்ஸை அடுத்த மழையில் யாராவது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான் அதன் பயன்.

சிக்கனமான மனைவி என்று ஊர் மெச்சுகிற பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று பாருங்கள். மீன் துண்டு பிள்ளைகளுக்கும் கடலுக்குப் போகிறவருக்கும், அம்மாவுக்குக் குழம்பு. முட்டை மூன்றுதான் இருந்தால், தனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிடுவாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. அதில் எவ்வளவு இந்த மெச்சலின் விலை என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. என் மாமியார் கையாலேயே எனக்கு மீன் துண்டு வைப்பார், அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்தில் விற்பதற்குக் கடல்பாசி எடுக்க முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று, முங்கி முங்கி எழுந்து வருகிற பெண்களுக்கும் கரைக்கு வந்ததும் அடுப்பு வேலை காத்திருக்கும். அவர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

நான் ஏதோ பெரிய கெட்டிக்காரி, தனியாகச் சமாளிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பருப்பு கிலோ முப்பது ரூபாய், பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய். இரண்டு மாத மின்கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை. சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே காலைச் சாப்பாடு. டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, ராமநாதபுரம் போகிற மற்ற பஸ்களை விட்டுவிட்டு அதற்காகவே நின்று ஏறுவேன். இவையெல்லாம் இல்லாவிட்டால் என் புளி ஜாடியும் ஓலைப்பெட்டியும் பத்து நாள் தாங்காது. இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்று பேசுகிறவர்கள் ஒரு தடைக்காலம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் பேசட்டும். சாப்பாடு நான் போடுகிறேன்.

அரசிடமும் வங்கியிடமும் கேட்பதற்கு இன்னும் இருக்கிறது. பெரிய தொகை வேண்டாம், தேதியை மாற்றினாலே போதும். நிவாரணப் பணம் ஏப்ரல் முதல் வாரத்தில் கைக்கு வந்தால் அதைக் கொண்டு அரிசியும் பருப்பும் வாங்குவோம். தாமதமானால் அதே 8,000 வட்டிக்காரர் கைக்குப் போகும். மகளிர் குழுவுக்கு வங்கி தருகிற கடனும் அப்படித்தான். விவசாயிக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கடலுக்கு எப்போது வரவு, எப்போது இல்லை என்பது ஏன் தெரியவில்லை? 61 நாள் என்பது காலண்டரில் அச்சடித்த மாதிரி வருடா வருடம் வருகிறது. அந்த நாட்களில் தவணைக்கு வந்து வாசலில் நின்றால், முந்தின கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதைத் தவிர எங்களுக்கு வழி என்ன இருக்கிறது?

எங்கள் மகளிர் குழுவில் இதைப் பேசி முடித்துவிட்டோம். அடுத்த கடனுக்கு விண்ணப்பம் போடும்போது வருடத்துக்குப் பத்துத் தவணை, ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை தவணை கிடையாது, அதற்கு ஈடாக மற்ற பத்து மாதத்தில் கொஞ்சம் கூட்டிக் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம். மற்ற கடற்கரை ஊர்களில் எந்தக் குழுவாவது இப்படிக் கேட்டு வாங்கியிருந்தால், விண்ணப்பத்தில் எப்படி எழுதினீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள்.