இலவசம் என்றால் இளக்காரமா?

சனிக்கிழமை கருத்தரங்கில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பிராக்கெட்டில் தகைவு (பொருளுக்குள் உண்டாகும் அழுத்தம்) எங்கே குவிகிறது என்று கணினியில் போட்ட கணக்கை விளக்க, என் மாணவி முதல் ஸ்லைடைப் போட்டதுமே மேடையிலிருந்து கேள்வி: "ஃப்ரீ சாப்ட்வேரா? அப்ப ரிசல்ட்டை எப்படிம்மா நம்புறது?" அரங்கமே சிரித்தது.

நல்ல கேள்வி சார். பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கலாம்.

அவள் பயன்படுத்தியது டீல்.டூ. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த சி++ நிரல் நூலகம். ஃபைனைட் எலிமென்ட் கணக்குக்கானது, அதாவது பொருளை எலிமென்ட் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்து வளைவையும் தகைவையும் கணக்கிடும் முறை. எண்முறை மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசை 2007-இல் வாங்கியது. இதில் பட்டனைத் தட்டினால் கலர் படம் வராது. எந்த எலிமென்ட், எங்கே பிடிமானம், ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸை (விறைப்பைச் சொல்லும் எண் அட்டவணை) எப்படி நிரப்புவது, எல்லாம் நாமே எழுத வேண்டும். முதலில் ஒரு முனையை மட்டும் பிடித்த சாதாரண கேண்டிலீவர் பீம் போட்டாள். தடிமனுக்கு ஒரே ஒரு நேரியல் எலிமென்ட் வைத்ததில், பீமின் வளைவு, பாடப்புத்தகச் சூத்திரம் சொல்வதைவிட ரொம்பக் குறைவாக வந்தது. எலிமென்ட் உள்ளதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும் இந்தக் கோளாறுக்குப் பெயர் ஷியர் லாக்கிங். எலிமென்ட்டின் படியை (அதன் கணிதக் கோவையின் அடுக்கு) ஒன்றிலிருந்து இரண்டாக்கியதும் சூத்திரத்தோடு ஒட்டிவிட்டது. மெஷ்ஷை (எலிமென்ட்டுகளின் வலை) நுணுக்க நுணுக்க விடை நிலைப்பதற்கும் வரைபடம் வைத்திருந்தாள். அந்த ஸ்லைடு வரைக்கும் யார் விட்டார்கள்?

நம்பிக்கை இந்தச் சோதனையில்தான் வருகிறது. லைசென்ஸ் விலையில் இல்லை.

1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற கான்கிரீட் எண்ணெய் மேடை சோதனையின்போதே கடலில் மூழ்கியது. ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் ஷியர் (வெட்டு) தகைவை 47 சதவீதம் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். மெஷ் சரியில்லை. அங்கே யாரும் காசில்லாமல் ஓசியில் கணக்குப் போடவில்லை.

அவளுக்கு இந்த ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தது நான்தான். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூரில் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி தெருமுனையில் கிடந்தது. இரும்புச் சட்டம் பிராக்கெட் பற்றவைத்த இடத்தில் பிய்ந்திருந்தது. அம்மா இன்றைக்கும் காற்று அடித்தால் மாடியைத்தான் பார்ப்பார். அந்த பிராக்கெட்டில் தகைவு எங்கே குவிகிறது என்று ஒரு பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டால், உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

"கம்பெனி வேலைக்கு கமர்ஷியல் சாப்ட்வேர்தான் கேட்பார்கள்" என்பீர்கள். கேட்கட்டும், ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வாள். "சிக்கலான வடிவத்துக்கு மெஷ் போடுவது கஷ்டம்." கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். பாகங்கள் ஒன்றையொன்று தொட்டு அழுத்தும் காண்டாக்ட் பிரச்சினை வந்தால் இன்னும் கஷ்டம். "பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு?" கணக்குப் போட்டவர்தான், எதில் போட்டாலும்.

சரி, இன்னொன்றையும் பேசிவிடுவோம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் எத்தனை லேப்பில் கிராக் போட்ட திருட்டுப் பிரதி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த பென் டிரைவ் கைமாறும்போது யாரும் சிரிப்பதில்லை. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு நேர்மையாக வேலை செய்த, தமிழ் மீடியத்தில் படித்து வந்த பெண்ணைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சார், வேற சாப்ட்வேர்ல திரும்பப் போட்டுடட்டுமா?" என்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் வரி வரியாகப் பார்க்கலாம், கேட்டால் அனுப்புகிறேன். பதிலுக்கு உங்கள் லேப் லைசென்ஸ் ரசீதைக் கமெண்டில் போடுங்கள் சார்.