மூன்று முறையும் இரண்டாம் இடம்

பிரிட்டனின் போர்டிஸ்ஹெட் இசைக்குழுவை 1990-களோடு ஓய்ந்த அலை என்று கட்டுரையாளர் ஒருவர் ஒதுக்கியிருப்பது சரியன்று. 1994-இல் வந்த ‘டம்மி’, 1997-இல் குழுவின் பெயரையே தாங்கி வந்த ஆல்பம், பதினோரு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2008-இல் வெளியான ‘தேர்ட்’ ஆகிய மூன்று ஸ்டூடியோ ஆல்பங்களுமே பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடத்தை எட்டின. முதலிடம்தான் ஏனோ வாய்க்கவில்லை. ‘டம்மி’ 1995-இல் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசையும் வென்றது. அமெரிக்காவிலோ, பழைய பாணியை உதறிவிட்டுக் கரடுமுரடான ஒலியோடு வந்த ‘தேர்ட்’ ஏழாம் இடம் வரை சென்றது. தனிப்பாடல்களில் ‘குளோரி பாக்ஸ்’ பிரிட்டனில் 13-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸின் குரலை ஒற்றைப் பாடலாகவன்றி முழு ஆல்பமாகவே ரசிகர்கள் கேட்க விரும்பினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.